கசின்: தூரம் சொல்லும், முறை சொல்லாது

அத்தை மகள், மாமன் மகள், பெரியப்பா மகள், சித்தி மகள் ஆகிய நால்வரையும் தமிழ் ஒரே வரிசையில் நிறுத்துவதில்லை. முதல் இருவர் ஓர் ஆணுக்கு முறைப்பெண்கள். அடுத்த இருவர் அவனுக்கு அக்கா, தங்கை. ஆங்கிலத்தில் இந்த நால்வரும், இவர்களுடன் பிறந்த ஆண்களும், கசின் என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். இதைச் சுட்டி இரண்டு முடிவுகள் நம்மிடையே அடிக்கடி சொல்லப்படுகின்றன. உறவுக்குத் தனித்தனிப் பெயர் வைக்காத மொழியைப் பேசுகிறவர்களுக்கு உறவின் அருமை தெரியாது என்பது ஒன்று. தமிழர் வீட்டுப் பேச்சில் அந்தச் சொல் நுழைந்ததே உறவு தேய்ந்ததற்கு அடையாளம் என்பது மற்றொன்று. இரண்டையும் ஆதாரத்தோடு பார்த்தால் நிற்காது என்பதே இக்கட்டுரையின் வாதம். உறவுச்சொற்கள் பாசத்தை அளக்க உருவானவை அல்ல. யார் யாரை மணக்கலாம், யார் சொத்து யாருக்குப் போகும், யார் யாருக்கு எந்தக் கடமையைச் செய்ய வேண்டும் என்று ஒரு சமூகம் கேட்கும் கேள்விகளுக்கு அவை விடைகள். கேள்வி மாறும்போது சொல்லும் மாறுகிறது. கசின் என்ற சொல்லின் நீண்ட வரலாறே இதற்கு நல்ல சான்று.

அந்தச் சொல்லின் மூதாதை லத்தீன் மொழியின் கோன்சோப்ரீனுஸ். அது முதலில் அக்காள் தங்கை இருவரின் பிள்ளைகளை மட்டுமே குறித்தது. அண்ணன் தம்பி பிள்ளைகளுக்குப் பத்ருவேலிஸ் என்றும், அண்ணன் தங்கை பிள்ளைகளுக்கு அமிதீனுஸ் என்றும் ரோமானியர் வேறு சொற்கள் வைத்திருந்தனர். தந்தையின் சகோதரர் பத்ருவுஸ், தாயின் சகோதரர் அவுன்குலுஸ். தந்தையின் சகோதரி அமிதா, தாயின் சகோதரி மாதெர்தெரா. பங்காளி மக்களைச் சகோதரர் என்ற சொல்லோடு சேர்த்தே அவர்கள் குறித்தார்கள் என்பதும் நாம் கவனிக்க வேண்டியது. அதாவது நாம் தமிழின் தனிச்சொத்து என்று எண்ணும் பிரிவினையின் பெரும்பகுதி பழைய ரோமிலும் இருந்தது. இரண்டாம் நூற்றாண்டின் சட்ட அறிஞர் காயுஸ் இந்த வேறுபாடுகளை விளக்கிவிட்டு, பொதுமக்கள் ஏறக்குறைய எல்லாரையுமே கோன்சோப்ரீனுஸ் என்றுதான் அழைக்கிறார்கள் என்றும் குறிப்பிடுகிறார். வேறுபாடுகள் மங்கத் தொடங்கியது ஆங்கிலம் பிறப்பதற்கு முன்பே, சட்டம் துல்லியமாக வளர்ந்திருந்த ஒரு சமூகத்தில்.

ஆங்கிலமும் தொடக்கத்தில் இந்த வகையில் ஏழை மொழி அன்று. நார்மானியர் 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றுவதற்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் தந்தையின் சகோதரருக்கு ஃபேடெரா, தாயின் சகோதரருக்கு ஏஆம் என்று தனித்தனிச் சொற்கள் இருந்தன. அத்தைக்கும் தாயின் சகோதரிக்கும் அப்படியே. பிரெஞ்சு பேசும் ஆட்சியாளர்கள் வந்த பிறகு அங்கிள், ஆன்ட், கசின் ஆகிய சொற்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. அங்கிள் என்பதன் வேர் தாய்மாமனைக் குறித்த லத்தீன் சொல்லே என்பதால், மாமனுக்குரிய பெயர் சித்தப்பாவையும் விழுங்கிவிட்டது என்று சொல்லலாம். ஜெர்மன் மொழியிலும் இதேபோன்ற நகர்வு நடந்தது. ஃபெட்டர் என்ற சொல் ஒரு காலத்தில் தந்தையின் சகோதரரைக் குறித்து, பின்னர் அவருடைய மகனுக்கும், பிறகு எல்லாக் கசின்களுக்கும் உரியதாயிற்று.

இடைக்கால ஆங்கிலத்தில் கசின் என்பதற்கு இன்றைய எல்லையும் கிடையாது. உடன்பிறந்தாரும் பெற்றோரும் நீங்கலான எந்த உறவினரையும் அது குறிக்க முடிந்தது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில் மன்னன் கிளாடியஸ் தன் அண்ணன் மகனை அப்படி அழைக்கிறான். மூன்றாம் ரிச்சர்டு நாடகத்தில் யார்க் கோமகள் தன் பேரப்பிள்ளைகளையே அப்படி அழைக்கிறார். அரசவையில் அது இரத்த உறவையும் தாண்டியது. கோமகன்களுக்கும் பிரபுக்களுக்கும் மன்னர் எழுதும் கடிதங்களில் அவர்களைக் கசின் என விளிப்பது மரபு. தாய் வழியிலும் மனைவி வழியிலும் சகோதரிகள் வழியிலும் நாட்டின் எல்லா ஏர்ல் பிரபுக்களோடும் தொடர்பு கொண்டிருந்த இங்கிலாந்து மன்னர் நான்காம் ஹென்றி, அதைத் திட்டமிட்டே தன் கடிதங்களில் வலியுறுத்தினார் என்று 18ஆம் நூற்றாண்டின் சட்ட ஆசிரியர் பிளாக்ஸ்டன் விளக்குகிறார். இந்தக் கட்டத்தில் அந்தச் சொல் சொல்வது இவ்வளவுதான்: இவர் நம்மவர். உறவின் வகை அதற்குத் தேவைப்படவில்லை, உறவு இருப்பதே போதுமானதாக இருந்தது.

பரந்து கிடந்த அந்தச் சொல்லுக்குக் கணக்குப் போட்ட எல்லை கிடைத்ததில் திருச்சபைக்கும் வாரிசுரிமைச் சட்டத்துக்கும் பெரும் பங்கு உண்டு. நடுக்கால ஐரோப்பாவில் திருச்சபை ஏழாம் தலைமுறைப் படி வரை இரத்த உறவுத் திருமணத்தைத் தடுத்திருந்தது. 1215இல் கூடிய நான்காம் லாட்டரன் பொதுச்சங்கம் அந்த எல்லையை நான்காகக் குறைத்தது. இந்தத் தடையில் தந்தைவழி, தாய்வழி என்ற பேதம் இல்லை. பொது மூதாதையிடமிருந்து எத்தனை படி இறங்கி வந்திருக்கிறோம் என்பது ஒன்றே கணக்கு. அத்தை மகளும் சித்தி மகளும் இந்தக் கணக்கில் சரிசமம். எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் 1540இல் வந்த சட்டம், விவிலியம் தடுக்காத உறவுகளை மணக்கலாம் என்று அறிவித்தது. அதன்பின் 1563இல் பேராயர் மேத்யூ பார்க்கர் வெளியிட்ட தடை உறவுப் பட்டியலில் கசின் இடம்பெறவில்லை. தடுத்தபோதும் நால்வரையும் ஒன்றாகத் தடுத்தார்கள், அனுமதித்தபோதும் ஒன்றாகவே அனுமதித்தார்கள். வகை பிரிக்க அந்தச் சமூகத்துக்குத் திருமண வழியில் ஒரு காரணமும் இல்லாமல் போயிற்று. வாரிசு விஷயத்திலும் நெருக்கமே முதற்கேள்வி. இங்கிலாந்தின் 1925ஆம் ஆண்டு வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவருக்கு வேறு நெருங்கிய உறவினர் இல்லையென்றால், பெற்றோரின் உடன்பிறந்தாருக்கும் அவர்கள் வழி வந்தவர்களுக்கும் சொத்து போகும். அவர்களும் இல்லையென்றால் அது முடியரசைச் சேரும். கசின் என்பவர் அங்கே சட்டம் ஏற்கும் உறவின் கடைசி வளையம்.

ஆகவே தூரத்தை அளப்பதில் ஆங்கிலம் காட்டும் நுணுக்கம் குறைந்ததன்று. இருவருக்குப் பொதுவாக ஒரு தாத்தா பாட்டி இருந்தால் அவர்கள் ஃபர்ஸ்ட் கசின்கள். பொதுவாக இருப்பவர் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி என்றால் செகண்ட் கசின்கள். அதற்கும் மேலே ஒரு தலைமுறை என்றால் தேர்டு கசின்கள். இருவரும் வெவ்வேறு தலைமுறையில் நின்றால், அந்த வித்தியாசத்தை ரிமூவ்டு என்ற சொல் காட்டும். என் தந்தையின் ஃபர்ஸ்ட் கசின் எனக்கு ஃபர்ஸ்ட் கசின் ஒன்ஸ் ரிமூவ்டு. நம்மில் பலர் அவரைச் செகண்ட் கசின் என்று சொல்வது பிழை. அவருடைய பிள்ளைதான் எனக்குச் செகண்ட் கசின். ஒன்ஸ் ரிமூவ்டு என்பதை 'ஒன்றுவிட்ட' என்று தமிழாக்குவது இன்னொரு பிழை. ஒன்றுவிட்ட அண்ணன் என்பவர் நம் தலைமுறையிலேயே நிற்கும் பெரியப்பா அல்லது பெரியம்மா மகன். அவர் ஒரு கிளை தள்ளியிருக்கிறார், தலைமுறை தள்ளவில்லை. தமிழுக்கும் தூரத்தை அளக்கத் தெரியும் என்பதை இந்த 'விட்ட' காட்டுகிறது. ஆனால் தமிழ் முதலில் அண்ணன் என்றோ மாமா என்றோ முறையை நிறுத்திவிட்டு, அதன் முன்னால்தான் தூரத்தை ஒட்டுகிறது. ஆங்கிலமோ தூரத்தைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது.

இந்த வேறுபாடு எவ்வளவு ஆழமானது என்பதை 19ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற குடும்பங்களைத் தமிழ்க் கண்ணால் பார்த்தால் விளங்கும். சார்லஸ் டார்வின் 1839இல் மணந்த எம்மா வெட்ஜ்வுட், அவருடைய தாயின் சகோதரர் மகள். நம் கணக்கில் சொந்த மாமன் மகள். விக்டோரியா அரசி 1840இல் மணந்த ஆல்பர்ட், அரசியின் தாயுடன் பிறந்தவரின் மகன். அதாவது மாமன் மகன். இந்த இரண்டு திருமணங்களையும் எந்தத் தமிழ்க் கிராமமும் முறை தப்பாத திருமணம் என்று ஏற்றிருக்கும். ஆனால் ஜேன் ஆஸ்டினின் மேன்ஸ்ஃபீல்டு பார்க் நாவலில் நாயகி ஃபேனி மணக்கும் எட்மண்ட், அவளுடைய பெரியம்மா மகன். 1814இல் வந்த அந்த நாவலின் ஆங்கில வாசகருக்கு அது இனிய முடிவு. தமிழ் வாசகருக்கு அண்ணனை மணக்கும் கதை. எமிலி பிராண்டியின் வுதரிங் ஹைட்ஸில் இளைய கேத்தி முதலில் அத்தை மகனையும், அவன் இறந்தபின் மாமன் மகனையும் நாடுகிறாள். அங்கே தமிழ் மனம் தடுமாறுவதில்லை. நான்கு உறவுக்கும் ஆங்கிலம் தருவது ஒரே பெயர். முதல் உலகப் போரின்போது முடிசூடியிருந்த மூவரிடமும் இதையே காணலாம். பிரிட்டனின் ஐந்தாம் ஜார்ஜும் ரஷ்யாவின் இரண்டாம் நிக்கோலஸும் அக்காள் தங்கை பிள்ளைகள், தமிழில் அண்ணன் தம்பி. ஜெர்மனியின் இரண்டாம் வில்லியம் ஜார்ஜுக்கு அத்தை மகன், அதாவது மைத்துனர். நிக்கோலஸின் மனைவி அலெக்சாண்ட்ரா வில்லியமுக்குச் சித்தி மகள், அதாவது தங்கை. வரலாற்று நூல்கள் இவர்களை மொத்தமாகக் கசின்கள் என்று எழுதிச் செல்லும்போது இந்த வலைப்பின்னல் முழுவதும் மறைந்துவிடுகிறது.

இப்படி மறைவதை மேற்கத்திய அறிஞர்களே முதலில் கண்டுகொண்டார்கள், அதில் தமிழுக்கு நேரடிப் பங்கு உண்டு. அமெரிக்காவின் லூயிஸ் ஹென்றி மார்கன், இரோக்வா மக்களான செனகாக்கள் சித்தப்பாவையும் அப்பா என்று அழைப்பதையும், பெரியப்பா பிள்ளைகளை உடன்பிறந்தாராகக் கருதுவதையும் கண்டு வியந்தார். அதே அமைப்பு தமிழிலும் இருப்பதை ஆர்க்காட்டு மிஷனைச் சேர்ந்த ஸ்கடர் குடும்பத்தார் வழியாக அறிந்தபோது அவருடைய ஆராய்ச்சி உலகளாவியதாக விரிந்தது. 1871இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் வெளியிட்ட அவருடைய பெருநூல், உறவுமுறை ஆய்வு என்ற துறைக்கே அடித்தளம். மார்கன் ஆங்கில முறையை விளக்கமுறை என்றும், தமிழ் போன்றவற்றைத் தொகுப்புமுறை என்றும் பிரித்தார். ஆல்ஃபிரெட் க்ரோபர் 1909இல் இந்தப் பிரிவினையை மறுத்தார். ஆங்கிலமும் தொகுக்கத்தான் செய்கிறது. கசின் என்ற சொல் ஆணா பெண்ணா, மூத்தவரா இளையவரா, தாய்வழியா தந்தைவழியா எதையும் சொல்வதில்லை. எனவே எது தொகுக்கிறது என்பதைவிட எந்த வேறுபாட்டை வைத்துத் தொகுக்கிறது என்று கேட்பதே சரி. லூயி துமோன் 1953இல் திராவிட உறவுச்சொற்களுக்குத் திருமணமே அச்சு என்று காட்டினார். மாமன் என்பவர் தாயின் சகோதரர் மட்டுமல்ல, தந்தைக்கு மைத்துனர். கொண்டுகொடுத்தல் ஒரு தலைமுறையோடு முடியாமல் வழிவழியாகத் தொடரும் உறவு. மாமா என்ற சொல்லே மாமனாரையும், அத்தை என்ற சொல்லே மாமியாரையும் குறிப்பது இதனால்தான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழலாம். திருமண விதிதான் சொல்லை ஆக்குகிறது என்றால், நான்கு வகைக் கசின்களையும் மணக்க இஸ்லாமியச் சட்டம் அனுமதிக்க, அரபு மொழி மட்டும் ஏன் அம், அம்மா, ஹால், ஹாலா என்று தந்தையின் சகோதரர், சகோதரி, தாயின் சகோதரர், சகோதரி ஆகியோருக்குத் தனிப்பெயர் வைத்து, அவர்கள் பிள்ளைகளையும் தெளிவாகப் பிரிக்கிறது? வட இந்தியாவில் மரபான இந்துக் குடும்பங்கள் பலவற்றில் நால்வரையுமே மணக்க முடியாது. ஆனாலும் இந்தி சசேரா, ஃபுஃபேரா, மமேரா, மௌசேரா என்று வகை பிரிக்கிறதே? இந்த மறுப்பு வாதத்தைக் கலைக்கவில்லை, செம்மைப்படுத்துகிறது. சமூகம் கேட்கும் கேள்வி திருமணம் மட்டுமல்ல. அரபுச் சமூகத்தில் தந்தைவழி ஆண்மக்களுக்கு வாரிசுரிமையில் தனியிடம் உண்டு, எனவே சித்தப்பா மகனை மாமன் மகனிலிருந்து பிரித்தே ஆக வேண்டும். இந்தி வகையைப் பிரித்தாலும் ஒவ்வொன்றின் பின்னும் பாய், பஹன் என்று சேர்த்து எல்லாரையும் உடன்பிறந்தார் ஆக்கிவிடுகிறது. மணக்கக் கூடாது என்ற விதி அந்தச் சேர்க்கையிலேயே நிற்கிறது. எங்கே எது தேவையோ அதை மொழி காட்டுகிறது. இதிலிருந்து பாசத்தைப் பற்றி எதையும் கணக்கிட முடியாது. ஒரே பெயரால் அழைக்கப்படும் கசினுக்காக உயிரையே கொடுப்பவர் உண்டு. பங்காளி என்ற அருமையான சொல்லை வைத்துக்கொண்டு வரப்புக்காக ஆயுள் முழுதும் வழக்காடுபவரும் உண்டு.

தூரத்தை அளக்கும் சொல்லின் பயனை மருத்துவத்தில் காணலாம். அத்தை மகளானாலும் சித்தி மகளானாலும், முதல் படிக் கசின்கள் இருவர் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுவைப் பொதுவாகக் கொண்டிருக்கிறார்கள். முறை உள்ள உறவு, முறை இல்லாத உறவு என்ற பிரிவினை மரபணுவுக்குத் தெரியாது. முறைப்படி நடந்த திருமணம் என்பதால் பிள்ளைக்கு நோய் வராது என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. அக்காள் மகளை மணக்கும் தாய்மாமனுக்கு அந்தப் பங்கு நான்கில் ஒன்று. முறை என்று ஊர் ஏற்றாலும் தூரக் கணக்கில் அது இன்னும் நெருக்கம். ஆனால் தூரக் கணக்கும் தனியே நடந்துவிடாது. டார்வினின் மகன் ஜார்ஜ் டார்வின், இங்கிலாந்தில் கசின் திருமணங்கள் எத்தனை என்று கணக்கிட்டு 1875இல் கட்டுரை வெளியிட்டார். ஒரே குடும்பப் பெயர் கொண்டவர்களின் திருமணங்களிலிருந்து அவர் தொடங்கினார். அப்படிப் பெயர் ஒன்றிப்போவது பெரும்பாலும் அண்ணன் தம்பி பிள்ளைகளுக்குத்தான். எனவே மற்ற வகையினரையும் சேர்க்க அவர் தனிக் கணக்குப் போட வேண்டியிருந்தது. கசின் என்ற சொல் மூடி வைத்த வேறுபாட்டை, கசின்களை எண்ணப் புகுந்தவரே திறக்க நேர்ந்தது.

இந்தியச் சட்டத்திலும் தூரம், முறை என்ற இரண்டு கேள்விகளும் முட்டிக்கொள்கின்றன. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் அண்ணன் தங்கை பிள்ளைகளையும், அண்ணன் தம்பி பிள்ளைகளையும், அக்காள் தங்கை பிள்ளைகளையும் ஒருசேரத் தடை உறவில் வைக்கிறது. பிறகு, இரு தரப்பாரின் வழக்கம் அனுமதித்தால் தடை இல்லை என்று விலக்குத் தருகிறது. தமிழகத்தில் அத்தை மகளையோ மாமன் மகளையோ மணந்தவர்களின் திருமணம் நிற்பது இந்த விலக்கின் பலத்தில்தான். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமோ, முதல் இரண்டு பட்டியலில் உள்ள வாரிசுகள் இல்லாதபோது, முற்றிலும் ஆண்வழியாக வரும் உறவினருக்கு முன்னுரிமை தந்து, இடையில் பெண் வரும் உறவினரை அடுத்த இடத்தில் நிறுத்துகிறது. சித்தப்பா மகன் முதல் வகை. மாமன் மகனும் அத்தை மகனும் இரண்டாம் வகை. ஒரு மனுவில் கசின் என்று மட்டும் எழுதினால் உரிமையே தெளிவில்லாமல் போகும். வக்கீலும் வருவாய் அலுவலரும் உறவை விரித்து எழுதச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

இப்போது தமிழ்ப் பேச்சில் அந்தச் சொல் வந்து சேர்ந்ததைப் பார்க்கலாம். அதைப் பயன்படுத்துவோரை நாகரிக மோகம் பிடித்தவர்கள் என்று ஒதுக்குவது எளிது, ஆனால் நியாயமன்று. அலுவலகத்திலும் கல்லூரியிலும் பிறமொழியாரோடு பேசும்போது முறையை விளக்க அவசியமில்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அத்தை பையன் வந்திருக்கிறான் என்று ஓர் இளம்பெண் சொன்னால், கேட்பவர் அதில் திருமணப் பேச்சைக் காண்கிறார், கேலி தொடங்கிவிடுகிறது. கசின் என்று சொன்னால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. தன்னைக் கேட்காமலே தன்மீது விழும் ஓர் உரிமைக்கு அவள் காட்டும் மறுப்பு அந்தச் சொல்லில் இருக்கிறது. கசின் பிரதர், கசின் சிஸ்டர் என்ற இந்திய ஆங்கில வழக்கையும் இப்படியே புரிந்துகொள்ளலாம். பிழையான ஆங்கிலம் என்று அதைத் திருத்துவோர் உண்டு. ஆனால் பெரியப்பா மகனை அப்படிச் சொல்கிறவர், ஆங்கிலம் விட்டுவிட்ட அண்ணனைத் திரும்பச் சேர்க்கிறார். அத்தை மகனை அப்படிச் சொல்கிறவர், தமிழ் கொடுத்த முறையை வேண்டாம் என்கிறார். ஒரே சேர்க்கை இரண்டு வேலை செய்கிறது. இரண்டுக்கும் காரணம் இருக்கிறது.

அப்படியானால் முறைச்சொற்களை விட்டுவிடலாமே என்று கேட்பவர் உண்டு. தாய்மாமனுக்குப் பெண்மேல் உரிமை என்ற எண்ணம் எத்தனையோ பெண்களின் விருப்பத்தை மிதித்திருக்கிறது. சாதிக்குள்ளேயே கொண்டுகொடுக்கும் வழக்கத்துக்கு இந்தச் சொற்கள் துணை நின்றிருக்கின்றன. இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது, மழுப்பக் கூடாது. ஆனால் உரிமையை மறுப்பதற்குப் பெயரை அழிக்க வேண்டியதில்லை. மாமன் மகள் என்ற சொல் மணந்தே ஆக வேண்டும் என்று கட்டளையிடவில்லை. இவள் என் தாய் பிறந்த வீட்டுப் பெண், என் தாய்க்கு இவள்மீது அத்தை என்ற பொறுப்பு உண்டு என்றும் சொல்கிறது. இலங்கைத் தமிழர் மச்சான் என்பதை நண்பரை அழைக்கும் சொல்லாகவும் விரித்துக்கொண்டது, ஒரு முறைச்சொல் பழைய உரிமையைக் கழற்றிவிட்டு நெருக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு வாழும் சான்று.

சொற்களுக்கு இன்று உண்மையான நெருக்கடி வேறு திசையிலிருந்து வருகிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில், 2019–21இல், தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைகள் 1.8 மட்டுமே. ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்த இருவர் மணந்தால், அவர்கள் குழந்தைக்குச் சித்தப்பாவும் இல்லை, அத்தையும் இல்லை, மாமாவும் இல்லை, சித்தியும் இல்லை. ஃபர்ஸ்ட் கசின் என்று சொல்லக்கூட ஆள் இல்லை. அந்தக் குழந்தைக்கு உறவினராக அமைபவர்கள் பெற்றோரின் ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட உடன்பிறந்தாரும் அவர்கள் பிள்ளைகளுமே. அந்தத் தூரத்தில் நிற்பவரை அடையாளம் காணத் தூரமும் தெரிய வேண்டும், அவரை என்ன சொல்லி அழைப்பது என்று முறையும் தெரிய வேண்டும். எனவே இரண்டு அறிவையும் சேர்த்தே காக்க வேண்டும் என்பது என் முடிவு. மருத்துவரிடமும் வம்சாவளி எழுதும்போதும் படியைச் சரியாகக் கணக்கிட்டுச் சொல்வோம். நீதிமன்ற ஆவணத்திலும் மொழிபெயர்ப்பிலும் செய்தியிலும் கசின் என்பதைச் சகோதரர் என்றோ மைத்துனர் என்றோ ஊகித்து எழுதாமல், யாருடைய பிள்ளை என்று விசாரித்து எழுதுவோம். தெரியாத இடத்தில் உறவினர் என்பதே நேர்மை. வெளியே யாரிடமும் விளக்க விரும்பாதவர் கசின் என்று சொல்லிக்கொள்ளட்டும், அது அவர் உரிமை. வீட்டுக்குள் மட்டும் ஒவ்வொரு குழந்தைக்கும் வந்தவரின் பெயரோடு அவர் யார் பிள்ளை, தனக்கு என்ன முறை என்பதையும் சொல்லிக் கொடுப்போம். அதைத் தெரிந்துகொண்ட பிள்ளை, வளர்ந்தபின் எந்த உறவை எந்த உரிமையோடு ஏற்பது, எதை மறுப்பது என்று தானே முடிவு செய்யும்.